தலை முதல் பாதம் வரை



நமது மருத்துவமனையைப் பார்க்க நீங்கள் வரும்போதெல்லாம் புதிதாக வாங்கிய கருவிகளைக் காட்டுகிறோம். நீங்களும் பார்த்துச் சந்தோஷப்படுகிறீர்கள். சென்ற மாதம் வந்திருந்த ஒரு சகோதரர் என்னிடம், "ஐயா, ஸ்கேனும் இரத்தப் பரிசோதனையும் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற காலத்தில், நர்சுகள் இன்னும் ஒவ்வொரு நோயாளியையும் தலை முதல் கால் வரை தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்களே, அது எதற்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. நின்றபடியே இரண்டு வார்த்தையில் பதில் சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் அந்தப் பதில் எனக்கே திருப்தியாக இல்லை. ஆகவே விவரமாக எழுதுகிறேன். நான் மருத்துவம் படித்தவன் அல்ல. இறையியல் கல்லூரியில் படித்து, முப்பது வருடங்களாக வார்டுகளில் கட்டில் ஓரம் நின்றவன். ஒரு முறை அதே கட்டிலில் படுத்தவன். அந்த அனுபவத்திலிருந்தே தொடங்குகிறேன்.

என் காலில் இருந்த காயம்

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மழைக்காலத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. ஆழ்வார்பேட்டையில் எங்கள் தெருவில் அப்போது வீட்டுக்கு வீடு காய்ச்சல். இதுவும் கொசுவால் வந்ததுதான் என்று நானே தீர்மானித்து, இரண்டு நாள் மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். மூன்றாம் நாள் நடுக்கம் தாங்க முடியாமல் போகவே, மகன் என்னை ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான்.

வார்டில் என்னைப் பார்க்க வந்தவர் அனுபவம் மிகுந்த ஒரு சிஸ்டர். என்னை நன்றாகத் தெரிந்தவர். "ஐயா, உங்களைத் தலையிலிருந்து கால் வரைக்கும் ஒரு தடவை பார்த்துடுறேன்" என்றார். கண், வாய், கழுத்து, மார்பு, வயிறு என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அடிவயிற்றைப் பார்க்கும்போது, "தொடை இடுக்கில எங்கேயாவது நெறி கட்டியிருக்காங்க ஐயா?" என்று கேட்டார். உண்மையில் வலது பக்கம் நெறி கட்டியிருந்தது, நடக்கும்போது உறுத்தியது. ஒரு பெண்ணிடம் அதைச் சொல்லக் கூச்சப்பட்டு, டாக்டரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்றிருந்தேன். அவர் கேட்ட பிறகுதான் ஒப்புக்கொண்டேன்.

உடனே அவர் என் கால்மாட்டுக்குப் போனார். குளிருக்காகச் சாக்ஸ் போட்டிருந்தேன்.

"சாக்ஸைக் கழற்றிடட்டுமா ஐயா?"

"காய்ச்சலுக்கும் காலுக்கும் என்னம்மா சம்பந்தம்? விடுங்க. நீங்க போய் என் காலைத் தொடுவதாவது!"

"பாதத்தைப் பார்க்காம நான் கேஸ் ஷீட்டுல கையெழுத்துப் போட முடியாதுங்க ஐயா."

சாக்ஸைக் கழற்றினார். வலது பாதத்தின் அடியில், பெருவிரலுக்குக் கீழே, மிளகு அளவில் ஒரு துவாரம். அதைச் சுற்றிலும் சிவந்து, தொட்டால் கொதித்தது. லேசாக அழுத்தினார்; சீழ் வந்தது. எனக்கு வலிக்கவே இல்லை. மகன் வீட்டுக்குப் போய் என் ஷூவைப் பார்த்தான். அடித்தோல் தேய்ந்து, ஒரு ஆணியின் முனை உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதான் எல்டாம்ஸ் சாலையிலும் டி.டி.கே. சாலையிலும் பல நாள் நடந்திருக்கிறேன். பல வருடங்களாக எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. பாதத்தில் உணர்ச்சி போயிருந்தது எனக்கே தெரியாது.

அன்றைக்கு அந்தச் சாக்ஸைக் கழற்றாமல் விட்டிருந்தால், காய்ச்சலுக்கு மருந்து கொடுத்துக்கொண்டே இருந்திருப்பார்கள். புண் எலும்புக்குப் போயிருக்கும். பிறகு விரலோ பாதமோ போயிருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். நோயாளி சொல்வதை மட்டும் கேட்டால் போதாது, சரீரம் சொல்வதையும் கேட்க வேண்டும் என்பதற்கு நானே சாட்சி.

தொடுவதற்கு முன்னால்

இந்தப் பரிசோதனை கையை வைப்பதற்கு முன்பே ஆரம்பமாகிவிடுகிறது. நர்ஸ் முதலில் கைகளைக் கழுவுகிறார். தன் பெயரைச் சொல்கிறார். என்ன செய்யப் போகிறார் என்பதை விளக்கி, அனுமதி கேட்கிறார். ஸ்கிரீனை இழுத்து மறைக்கிறார். எந்தப் பகுதியைப் பார்க்கிறாரோ அதை மட்டும் திறந்து, மற்றதைப் போர்வையால் மூடி வைக்கிறார். ஆண் மருத்துவர் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கும்போது உடன் ஒரு பெண் ஊழியர் நிற்க வேண்டும். ஏழையானாலும் நினைவிழந்தவரானாலும் இந்த மரியாதையில் குறைவு இருக்கக் கூடாது.

அதன்பின் அளவுகள். வளர்ந்தவர் ஒருவருக்கு ஓய்வாக இருக்கும்போது நாடி நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை, மூச்சு 12 முதல் 20 வரை, உடல் சூடு ஏறக்குறைய 98.6 டிகிரி, இரத்த அழுத்தம் 120/80-ஐ ஒட்டி இருக்க வேண்டும். மூச்சை எண்ணுவதில் ஒரு சிறு யுக்தி உண்டு. "உங்கள் மூச்சை எண்ணுகிறேன்" என்று சொன்னால் யாருக்கும் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டே, கண்ணால் மார்பு ஏறி இறங்குவதை எண்ணுவார்கள். நோய் மோசமாகும்போது பல சமயம் மற்ற அளவுகளுக்கு முன்பே மூச்சின் வேகம் மாறிவிடும். அதனால் இதைக் குத்துமதிப்பாக எழுதக் கூடாது என்று மாணவிகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிக் கொடுக்கிறார்கள்.

நான்கு வழிகள்

சரீரத்தை அறிய நான்கு வழிகள் உண்டு: பார்ப்பது, தொடுவது, தட்டுவது, கேட்பது.

தட்டிப் பார்ப்பது நமக்குப் புதிதல்ல. சந்தையில் மண்பானை வாங்கும்போதும் தேங்காய் வாங்கும்போதும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குகிறோம். இதை மருத்துவத்தில் கொண்டுவந்தவர் ஆஸ்திரிய மருத்துவரான லியோபோல்ட் அவுன்பிருக்கர். அவர் விடுதிக்காரர் ஒருவரின் மகன். திராட்சரசப் பீப்பாய்களைத் தட்டி, உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று கண்டுபிடிப்பதைச் சிறு வயதிலேயே பார்த்திருந்தார் என்று சொல்வார்கள். மார்பைத் தட்டினால், காற்று இருக்கும் இடம் ஒரு விதமாகவும் நீர் கோத்த இடம் வேறு விதமாகவும் ஒலிக்கும் என்று 1761-ல் எழுதி வெளியிட்டார். 1816-ல் பிரான்சு தேசத்தில் ரெனே லென்னக் என்ற மருத்துவர், ஒரு பெண் நோயாளியின் மார்பில் காது வைத்துக் கேட்பது முறையல்ல என்று எண்ணி, காகிதத்தைக் குழலாகச் சுருட்டி வைத்துக் கேட்டார். ஸ்டெதஸ்கோப் அப்படித்தான் பிறந்தது.

தலையிலிருந்து வயிறு வரை

முதலில் நினைவு. "உங்க பேர் என்ன? இது எந்த இடம்? இன்னைக்கு என்ன கிழமை?" என்று கேட்பது பேச்சுக்காக அல்ல. கண் திறப்பது, பேசுவது, அசைவது ஆகிய மூன்றுக்கும் மதிப்பெண் போட்டு நினைவின் நிலையை அளக்கும் முறை 1974-ல் கிளாஸ்கோ நகரிலிருந்து வந்தது. மிகக் குறைவு 3, முழுமை 15. காலையில் 15 இருந்தவர் மாலையில் 13 ஆனால் டாக்டரை உடனே கூப்பிட வேண்டும். அடுத்ததாகச் சிரிக்கச் சொல்கிறார்கள். இரண்டு கைகளையும் நீட்டித் தூக்கச் சொல்கிறார்கள். வாய் ஒரு பக்கம் கோணினாலோ ஒரு கை தாழ்ந்து வந்தாலோ பக்கவாதமாக இருக்கலாம்.

டார்ச் வெளிச்சத்தில் இரண்டு கண்பாவைகளும் ஒன்றுபோல் சுருங்குகின்றனவா என்று பார்க்கிறார்கள். கீழ் இமையை இழுத்து, உட்புறம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பது இரத்தசோகையை அறிய. கண்ணின் வெள்ளையில் மஞ்சள் தெரிகிறதா என்பது காமாலையை அறிய. மஞ்சள் நிறம் மின்விளக்கில் ஏமாற்றும் என்பதால் ஜன்னல் பக்கம் திரும்பச் சொல்வார்கள்.

வாயைப் பார்க்கும்போது பல்செட்டைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். புகையிலை போடுகிறவர்களுக்குக் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கின் ஓரத்திலும் வெள்ளைத் திட்டோ ஆறாத புண்ணோ இருக்கலாம். புற்றுநோயின் ஆரம்பம் அங்கே வலியில்லாமல் உட்கார்ந்திருக்கும். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-ல் அடையாற்றில் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை நமக்கு மிக அருகில் இருக்கிறது. ஆனால் அங்கே நேரத்தோடு போய்ச் சேர வேண்டுமானால், யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்திருக்க வேண்டும். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா, தைராய்டு வீங்கியிருக்கிறதா, சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா என்பதையும் பார்க்கிறார்கள்.

மார்பை முன்புறம் மட்டும் கேட்டால் போதாது. எழுப்பி உட்கார வைத்து முதுகிலும் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, இடது வலது என்று மாற்றி மாற்றி ஒப்பிட்டுக் கேட்க வேண்டும். படுத்தே இருக்கும் முதியவர்களுக்கு நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்குவது அங்கேதான் தெரியும்.

வயிற்றுக்கு வரும்போது வரிசை மாறுகிறது. மற்ற இடங்களில் தொட்ட பிறகு கேட்பார்கள். வயிற்றிலோ பார்த்த உடனே கேட்பார்கள், கடைசியில்தான் அழுத்துவார்கள். முதலிலேயே அழுத்திவிட்டால் குடலின் சத்தம் மாறிவிடும். வலிக்கிறது என்று சொன்ன இடத்தைக் கடைசியாகத் தொட வேண்டும். அப்போது கண் வயிற்றில் இருக்கக் கூடாது, நோயாளியின் முகத்தில் இருக்க வேண்டும். வாய் "இல்லை" என்றாலும் முகம் சுளிப்பது உண்மையைச் சொல்லிவிடும்.

யாரும் பார்க்காத முதுகு

கைகளில் நகத்தை அழுத்தி விடுகிறார்கள். வெளுத்த நகம் 2 வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். தாமதமானால் இரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். மருந்து ஏற்றும் ஊசி போட்ட இடம் வீங்கியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள்.

பிறகு நோயாளியை ஒருக்களித்துப் படுக்க வைத்து முதுகைப் பார்க்கிறார்கள். தன் முதுகைத் தானே பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வரும் உறவினர்களும் முகத்தைப் பார்த்துப் பேசிவிட்டு ஆரஞ்சுப்பழத்தை வைத்துவிட்டுப் போகிறார்கள். புட்டத்துக்கு மேலே முதுகெலும்பு முடியும் இடத்திலும், இடுப்பின் பக்க எலும்பிலும், குதிகாலிலும்தான் படுக்கைப் புண் தொடங்கும். முதல் அடையாளம் ஒரு சிவப்புத் தழும்பு. விரலால் அழுத்தினாலும் அந்தச் சிவப்பு மறையாவிட்டால் எச்சரிக்கை. கறுத்த தோலில் சிவப்பு சரியாகத் தெரியாது. அங்கே சூட்டையும் தடிப்பையும் தொட்டுத்தான் அறிய வேண்டும். இந்த நிலையில் கண்டுபிடித்தால் அடிக்கடி புரட்டிப் படுக்க வைத்தே குணமாக்கிவிடலாம். விட்டுவிட்டால் எலும்பு தெரியும் வரை ஆழமாகும்.

கால்களில், இரண்டு பக்கமும் வீங்கியிருக்கிறதா, ஒரு பக்கம் மட்டுமா என்று பார்க்கிறார்கள். விரலால் அழுத்தினால் குழி விழும் வீக்கம் இரண்டு காலிலும் இருந்தால் இருதயம், சிறுநீரகம், ஈரல் ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால், உள்ளே இரத்தம் உறைந்திருக்கலாம். அப்படிப்பட்ட காலைத் தேய்த்துவிடக் கூடாது. பாதத்தின் மேல்பக்கமும் கணுக்காலின் உட்பக்கமும் நாடி துடிக்கிறதா என்று பார்த்து, கடைசியாக உள்ளங்காலையும் விரல் இடுக்குகளையும் பார்க்கிறார்கள்.

கொல்லிமலையில் பிறந்த மருத்துவர்

பாதம் வரை போகவேண்டும் என்பதை உலகத்துக்கு அழுத்தமாகக் கற்றுக்கொடுத்த இடங்களில் ஒன்று நமது தமிழ்நாடு. டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தார். தகப்பனார் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-ல் மலையிலேயே காய்ச்சலால் மரித்தார். மகன் இங்கிலாந்தில் அறுவை சிகிச்சை பயின்று, 1946-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார். மறு ஆண்டு டாக்டர் ராபர்ட் காக்ரேன் அவரைச் செங்கற்பட்டில் இருந்த தொழுநோய் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார்.

அங்கே மடங்கிப்போன விரல்களோடு இருந்த ஒருவரிடம், "என் கையை அழுத்துங்கள்" என்று பிராண்ட் தன் கையைக் கொடுத்தார். பலவீனமான பிடியை எதிர்பார்த்தவருக்கு வலி தாங்க முடியவில்லை. அந்தக் கையில் நல்ல தசைகள் இன்னும் வலுவோடு இருந்தன. எவ்வளவு அழுத்துகிறோம் என்ற உணர்ச்சிதான் இல்லை. இந்த நல்ல தசைகளின் நாண்களை மாற்றிப் பொருத்தி, மடங்கிய விரல்களை நிமிர்த்தும் சிகிச்சை வேலூரில் அதன்பின் வளர்ந்தது. ஒரு மருத்துவர் கையைக் கொடுத்துத் தொட்டதிலிருந்து தொடங்கிய காரியம் அது.

அந்நாட்களில், தொழுநோய் தானாகவே விரல்களை அழுகச் செய்கிறது என்று எல்லாரும் நம்பினார்கள். பிராண்டும் உடன் ஊழியர்களும் நோயாளிகளின் கைகால்களை நாள்தோறும் பார்த்துக் குறித்து வைத்தார்கள். ஒவ்வொரு காயத்துக்கும் சாதாரணமான ஒரு காரணம் இருந்தது. சூடான பாத்திரம், முள், செருப்பில் ஆணி. இரவில் தூங்கும்போது எலி கடித்தது கூட உண்டு. வலி தெரியாததால் காயத்தின் மேலேயே நடந்தார்கள், வேலை செய்தார்கள். அவருடைய மனைவி டாக்டர் மார்கரெட் பிராண்ட் கண் மருத்துவர். உணர்ச்சியற்ற கண் இமைக்க மறந்து, உலர்ந்து, புண்ணாகிப் பார்வை போவதைக் கண்டு, கண்களைக் காப்பாற்ற உழைத்தார். கணவர் பாதத்தையும் மனைவி கண்ணையும் பார்த்தார்கள். தொழுநோய் இன்று மருந்தால் முற்றிலும் குணமாகும் நோய். ஆனால் போன உணர்ச்சி எப்போதும் திரும்புவதில்லை. ஆகவே தினமும் பார்க்கும் பழக்கம் அவர்களுக்கு இன்றும் தேவை.

1966-ல் பிராண்ட் அமெரிக்காவுக்குப் போனார். வேலூரில் கற்றது அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களுக்கும் பொருந்துவதைக் கண்டார். நீண்ட நாள் சர்க்கரை நோய் முதலில் பாதத்து நரம்புகளையே தாக்குகிறது. 2003-ல் அவர் மரித்தார். இன்று எங்கள் வார்டில் ஒரு நைலான் இழையை, வளையும் வரை, பாதத்தில் அழுத்தி "தெரிகிறதா?" என்று கேட்கிறார்கள். 10 கிராம் அழுத்தம்தான். கண்ணை மூடிக்கொண்டு அதை உணர முடியாதவருக்குப் பாதம் ஆபத்தில் இருக்கிறது என்று அர்த்தம். எனக்குச் செய்தபோது வலது பாதத்தில் பல இடங்களில் அந்த இழை பட்டதே தெரியவில்லை.

ஸ்கேன் வேண்டாமா?

வேண்டும். என் பாதத்தையும் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு கெடவில்லை என்று உறுதி செய்துகொண்டுதான் சிகிச்சை கொடுத்தார்கள். கையால் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்ரேயை எங்கே எடுக்க வேண்டும் என்று சொன்னது அந்தச் சிஸ்டரின் கைதான். என்னைக் காய்ச்சல்காரனாக மட்டும் பார்த்திருந்தால், என் பாதத்தை யாரும் எக்ஸ்ரேக்கு அனுப்பியிருக்க மாட்டார்கள்.

இன்னொன்றும் உண்டு. பார்த்ததையெல்லாம் கேஸ் ஷீட்டில் எழுதி, அடுத்த டியூட்டிக்கு வருபவரிடம் ஒப்படைக்கிறார்கள். நேற்று இல்லாத வீக்கம் இன்று வந்திருக்கிறது என்று சொல்ல, நேற்றைக்குப் பார்த்து எழுதியவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்தச் சிஸ்டர் என்னிடம் செலவிட்டது ஏறக்குறைய அரை மணி நேரம். அந்த நேரம் நர்சுகளுக்குக் கிடைக்க வேண்டுமானால், வார்டில் போதுமான நர்சுகள் இருக்க வேண்டும். உங்கள் காணிக்கையில் ஒரு பகுதி நர்சுகளின் பயிற்சிக்கும் சம்பளத்துக்கும் போவது ஏன் என்று கேட்பவர்களுக்கு, என் வலது காலைக் காட்டுகிறேன்.

மூன்று வாரம் நடக்கக் கூடாது என்று என்னைப் படுக்க வைத்தார்கள். புண் ஆறியது, விரல்கள் பத்தும் இருக்கின்றன. அந்த மூன்று வாரமும் ஒரு காரியம் என் மனதை விட்டு நீங்கவில்லை. ஒவ்வொரு பெரிய வியாழனிலும் ஆண்டவர் சீஷரின் கால்களைக் கழுவியதைப் பற்றியும், பேதுரு முதலில் சம்மதிக்காததைப் பற்றியும் பிரசங்கித்திருக்கிறேன். என் முறை வந்தபோது பேதுருவைப் போலவே நானும் காலை இழுத்துக்கொண்டேன். தொட மனமுள்ளவர் இருந்தால் மட்டும் போதாது. தொட இடம் கொடுக்கவும் நமக்கு மனம் வேண்டும் என்று கற்றுக்கொண்டேன்.

உங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்று இரவு படுக்கைக்குப் போகுமுன் விளக்கைப் போட்டு, இரண்டு பாதங்களையும் பாருங்கள். குனிய முடியாவிட்டால் ஒரு கண்ணாடியைத் தரையில் வைத்துப் பாருங்கள், அல்லது பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். விரல் இடுக்குகளைத் துடைத்து உலர வையுங்கள். காலையில் ஷூவையோ செருப்பையோ போடுமுன் தலைகீழாகத் தட்டி, உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். வெறுங்காலோடு நடக்க வேண்டாம். சிறு புண்ணானாலும், வலிக்கவில்லை என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். வலிக்கவில்லை என்பதே போவதற்குக் காரணம்.

உங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக முதியவர் யாராவது இருந்தால், நாளைக்கு ஒரு முறை அவரை மெதுவாக ஒருக்களித்து முதுகைப் பாருங்கள். வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் மருத்துவமனைப் போதகர்